ஞாயிற்றுக்கிழமை பாட்டில்

"...சோறும் குழம்பும் மட்டுமா, தொட்டிக்கு உள்ளதையும் நேத்து சாயங்காலமே ரெண்டு நாளு பங்கா ஊத்தியாச்சு தாணு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கையைக் கொண்டு போகமாட்டேன். அதுகளும் ஒரு நாளு சும்மா கிடக்கட்டும்" என்றார் செல்வபாய் டீச்சர், என் தட்டில் ஆறிப்போன மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே.

பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஏழெட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில், கேட்காமலே, குழம்புக் கரண்டியோடு வந்து விழுந்தது.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் பக்கத்துக் கடல்நீர்த் தொட்டிக்காரர்களின் வாட்சப் குழுவை நடத்துகிறவர். வீட்டில் கண்ணாடித் தொட்டி கட்டி, கடல்நீர் நிரப்பி, அதில் பவளம் வளர்க்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளுக்குப் போய்த் தண்ணீரை அளந்து, குறைந்ததைச் சேர்த்து, பம்ப்பைக் கழுவி வருவது என் தொழிலாக இருந்தது. விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கேன் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் போய்விட்டது. இப்போது தானே அளந்து தானே ஊற்றுகிற மிசின் வந்திருக்கிறது. "இனி உங்களுக்கெல்லாம் என்ன வேலை அண்ணாச்சி, பழைய கதையையாவது எழுதித் தாருங்க" என்றார். கேலிதான். ஆனாலும் ஒருத்தர் கேட்டாரே என்று உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத்தான் கஷ்டம், எழுதுவதில் ஒன்றும் இல்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஏ.சி. மெக்கானிக்குக்கு எடுபிடியாகக் கல்ஃபுக்குப் போனேன். மீன்தொட்டிகளைக் குளிர்விக்கும் யந்திரத்தைப் பார்க்க ஆள் இல்லையென்று ஒரு தொட்டிக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார்கள். யந்திரத்தில் ஆரம்பித்து, குழாய்க்கு வந்து, தண்ணீருக்கு வந்து சேர்ந்தேன். இருபது வருடம். அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சமெல்லாம் குஞ்ஞுமோன் சார்.

அவர் கொல்லத்துக்காரர், எங்கள் சூப்பர்வைசர். ஒல்லி. சட்டையில் மடிப்பு கலையாது. நாங்கள் முழங்கைவரை நனைந்து நிற்கும்போது அவர் மேல் ஒரு சொட்டுத் தெறித்திருக்காது. அளப்பதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. சோதனைக் குப்பியைத் தொட்டித் தண்ணீராலேயே மூன்று தடவை கழுவ வேண்டும். அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நிரப்ப வேண்டும். மருந்தை ஒரு சொட்டு விட்டு, குப்பியை ஆட்டி, மனதுக்குள் ஐந்து எண்ணி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்துப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டோ அத்தனைதான் அன்றைய கணக்கு. அதையும் இரண்டு தடவை செய்ய வேண்டும். எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் மணியையும் எழுத வேண்டும். அளவில் சந்தேகம் வந்தால் திட்டமாட்டார். குப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

ஒரே தொட்டியை இன்று காலை அளந்தால் நாளை சாயங்காலம் அளப்பார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுமுறையில் வந்து அளப்பார். "என்னதுக்கு சார் இப்படி அலையணும், ஒரே நேரத்துல அளந்தா போராதா?" என்று கேட்டேன். "எடா தாணு, வெள்ளம் நினக்கு வேண்டி காத்து நில்க்கில்லா" என்றார். எங்கள் ஊரிலும் தண்ணீரை வெள்ளம் என்கிறவர்கள் உண்டு, அதனால் தண்ணீர் உனக்காகக் காத்து நிற்காது என்கிறார் என்று சொல் புரிந்தது. சொன்ன விஷயம் புரிய ரொம்ப நாளாயிற்று.

ஊருக்குத் திரும்பியதும் நாகர்கோவிலில் நாலு வீடு, குளச்சலில் ஒன்று, தக்கலையில் ஒன்று. இராஜாக்கமங்கலம் கரையில் போய் நீர் எடுப்பேன். மழை விட்ட பிறகு இரண்டு வாரம் எடுக்கமாட்டேன், கடலில் உப்பு குறைந்திருக்கும். "கடலு வாசல்லதானே கிடக்கு, அதை என்னதுக்கு ஓய் கேன்ல அடைச்சுட்டுப் போறீரு? வாடகைக்கு விடுதீரா?" என்று வலை காயப்போடுகிறவர்கள் கேட்பார்கள். சிரித்துவிட்டுத் தூக்குவேன். அப்போது தூக்க முடிந்தது.

தொழிலின் சங்கதி சின்னதுதான். பவளம் தன் உடம்புக்கு வேண்டிய கல்லைத் தண்ணீரிலிருந்து தானே கட்டிக்கொள்கிறது. அதற்குக் கால்சியம் வேண்டும், கூடவே கார்பனேட் வேண்டும். அந்தக் கார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதைத்தான் ஆல்கலினிட்டி என்பார்கள், நாங்கள் சுருக்கமாக ஆல்க் என்போம். கடலில் இது தீராது. ஐந்நூறு லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் குறையும். குறைந்ததைத் தினமும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். கால்சியம் மெதுவாக ஏறி இறங்கும், அவசரமில்லை. ஆல்க் அப்படியில்லை. எட்டாம் சொட்டில் நீலம் மஞ்சளானால் ஆல்க் எட்டு. எட்டு நல்லது, ஒன்பதும் நல்லது, ஏழரையிலும் உயிர் வாழும். இன்றைக்கு எட்டு, நாளைக்குப் பதினொன்று, அதற்கடுத்த நாள் மறுபடி எட்டு என்றால்தான் கொப்பு நுனி வெந்ததுபோல் வெளுக்கும். இதை நான் கோட்டாற்றில் ஒரு வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டம்மா சொன்னார்: "அப்ப எங்க மாமியாளுக்கும் எனக்கும் உள்ள கதைதான். என்ன சொன்னாலும் தாங்கிக்கிடலாம், நாளுக்கு ஒண்ணு சொன்னாத்தான் தாங்காது." இதைவிட நன்றாக எந்த வகுப்பிலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இனி டீச்சர் வீடு.

டீச்சரின் கணவர் எட்வின் சார் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியைத் தானே வடிவமைத்துக் கட்டினார். நம் கடல் பவளத்தில் ஒரு துண்டைக்கூடத் தொடக்கூடாது, சட்டம் அப்படி. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்ததை, உரிய காகிதங்களோடு, கட்டைவிரல் அளவுத் துண்டுகளாகச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அதில் ஊதா ஒன்றும் பச்சை ஒன்றும் ஆறு வருடத்தில் பனங்காய்ப் பருமனுக்கு வந்துவிட்டன. அளப்பது, ஊற்றுவது எல்லாம் அவரே செய்வார். என்னைக் கூப்பிடுவது குளிர்விக்கும் யந்திரம் மக்கர் செய்தால் மட்டும்தான்.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தொட்டிக்கு நேராகப் போட்டார்கள். டீச்சர் எனக்குப் போன் செய்தார். "நீங்கதான் இனி பாக்கணும் தாணு. எந்நேரமும் அதைத்தான் பாத்துட்டு கிடக்காவ. அது போச்சுன்னா நான் இவிய கட்டிலை எங்கோட்டுத் திருப்பிப் போடுவேன்?"

வாரம் ஒரு தடவை, புதன்கிழமை காலை, போக ஒத்துக்கொண்டேன். தினமும் ஊற்றுவதை டீச்சர்தான் செய்தாக வேண்டும். அவருக்குக் கண்ணில் புரை, அளவுக் குவளையின் கோடு தெரியாது. அதனால் ஒரு வேலை செய்தேன். கார்பனேட் கரைசலுக்கு ஏழு பாட்டில், கால்சியம் கரைசலுக்கு ஏழு பாட்டில், ஒவ்வொன்றிலும் நூறு மில்லி. பிளாஸ்திரி ஒட்டி அதில் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதினேன். அன்றன்றைய பாட்டிலைச் சாயங்காலம் தொட்டியில் கவிழ்த்தால் போதும். நான் புதன்கிழமை போகும்போது ஏழும் ஏழும் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருக்கும். ஆல்க் அளப்பேன். எட்டு. எத்தனை புதன்கிழமை போனேனோ அத்தனை தடவையும் எட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

மூன்றாம் மாதம் ஊதாவின் நுனிகள் வெளுத்தன. ஆல்க் எட்டு. கால்சியத்தைப் பார்த்தால் நானூற்று இருபதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வளர்கிறது, அதனால் கூடுதலாகச் சாப்பிடுகிறது என்று நினைத்துப் பாட்டிலுக்கு நூற்று முப்பது மில்லி ஆக்கினேன். பிறகு நூற்று ஐம்பது. இரண்டையும்தான் கூட்டினேன், எப்போதும் சோடியாகத்தான் கூட்டுவது. நுனி இன்னும் வெளுத்தது. வெளிச்சம் கூடிப்போயிற்று என்று விளக்கைக் குறைத்தேன். பம்ப்பைத் திறந்தால் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பற்று. வினிகரில் ஊறப்போட்டுக் கழுவி மாட்டினேன். அடுத்த மாதமும் பற்று. அடுத்த மாதமும் கழுவினேன். பற்று எங்கிருந்து வருகிறது என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் விழுந்தால்தான் கார்பனேட்டும் கால்சியமும் பவளத்துக்குப் போகாமல் தங்களுக்குள் சேர்ந்து கல்லாகப் படியும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கையில் எட்டு இருந்ததே.

குஞ்ஞுமோன் சார் சொல்லித்தந்ததை நான் எப்போது விட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தீர்மானித்து விடவில்லை. முழங்கால் வலி வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை என்று பிரித்தேன். பஸ்ஸில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் காலையை வைத்தேன். அவ்வளவுதான். 

எட்டாம் மாதம் ஊதா போய்விட்டது. தோல் உரிந்து உள்ளே இருந்த வெள்ளைக் கல் தெரிந்தது. எட்வின் சாருக்கு இடது கை மட்டும் அசையும். நான் போகும்போதெல்லாம் அந்தக் கை தொட்டியை நோக்கி எழும்பி, ஊதா நின்ற பக்கம் நீண்டு, அங்கேயே நிற்கும். கேள்விதான் அது. "லைட்டு கூடிப்போச்சு சார்" என்றேன். அவர் கையை இறக்கவில்லை. நாற்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவர், நம்பவில்லை.

பத்தாம் மாதம் பச்சையின் நுனியிலும் வெள்ளை. டீச்சர் என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இதுவும் போயிருமா தாணு?" என்றார். "போகாது டீச்சர்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் குளச்சல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர், வலைக்கடை வைத்திருக்கும் காசிம் பாய், எப்போது போனாலும் கடுஞ்சாயாவும் ஒரு வம்பும் தருவார். அவருடைய மருமகன் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டதைப் பார்த்து, "தங்கமான பிள்ளை பாய்" என்றேன். மருமகன் உள்ளே போனதும் பாய் குனிந்து சொன்னார்: "ஓய், நீரு வருத அன்னைக்குத்தான் அவன் தங்கம். மத்த நாளு சொல்லாம ஒருக்க வந்து பாரும், பித்தளை கிடந்து இளிக்கும்."

சாயாவைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அந்தப் பேச்சு என்னோடு ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் போகிற அன்றைக்கு எட்டு. மற்ற நாள்? அந்தத் தொட்டியைப் புதன்கிழமை அல்லாத ஒரு நாளில் நான் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல், சோதனைப் பெட்டியோடு போய் நின்றேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். டீச்சர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார், வெள்ளைச் சேலை மாற்றவில்லை.

"இன்னைக்கு என்ன தாணு, வழி தவறிட்டியளா?"

"ஒரு அளவு எடுத்துட்டுப் போயிருதேன் டீச்சர். அஞ்சு நிமிசம்."

"இன்னைக்கா? ஓய்வுநாளுல்லா? அளக்கதும் வேலைதான். எங்க அப்பா காலத்துல இருந்து ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கதில்லை. நானும் செய்யமாட்டேன், என் வீட்டு வாசலுக்குள்ள வச்சு நீங்களும் செய்யாண்டாம். இருந்து சாப்பிட்டுட்டு நாளைக்கு வாருங்க."

மறுத்தால் மனம் கோணும் என்று உட்கார்ந்தேன். "குழம்பு ஆறிப்போச்சுன்னு நினைக்காண்டாம், நேத்தே வச்சது" என்று ஆரம்பித்துத்தான், நான் முதலில் எழுதியதைச் சொன்னார்.

"எல்லா வாரமும் இப்படித்தானா டீச்சர்?" என்று கேட்டேன். 

"பின்ன? வேதத்துல, வனாந்தரத்துல ஆண்டவர் போட்ட மன்னா அப்பத்தைப் பொறுக்கினவங்களும் ஓய்வுநாளுக்கும் சேத்து ஆறாம் நாளு ரெட்டிச்சுல்லா பொறுக்கினாங்க? சனி பாட்டிலையும் ஞாயிறு பாட்டிலையும் ஒண்ணா ஊத்திருவேன். அதுகளுக்கு உள்ள பங்குல ஒரு சொட்டு குறைச்சதில்லை."

"சார் ஊத்தும்போது?"

"இவியளா? இவிய ஞாயிற்றுக்கிழமையும் ஊத்துவாவ. அதுக்கு எங்களுக்குள்ள சண்டையே உண்டு. கேட்டா, 'உயிருள்ளதுடீ'ம்பாவ. கேட்டியளா, இப்ப பேச முடியாம கிடக்காவ, நான் ஜெயிச்சுட்டேன்" என்று சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முந்நூறு மில்லி ஒரே மூச்சில். எட்டில் நிற்கிற ஆல்க் பதினொன்றுக்குப் பாயும். கொஞ்சம் பம்ப்பில் கல்லாகப் படியும், கால்சியம் இறங்கும். ஞாயிறு முழுக்க இறங்கி, திங்கள்கிழமை சாயங்காலம் எட்டுக்கு வந்துவிடும். புதன்கிழமை நான் வருவேன், எட்டைப் பார்த்துப் பெருமைப்படுவேன், கால்சியம் இறங்கியிருக்கிறதே என்று பங்கைக் கூட்டி வைத்துவிட்டுப் போவேன். நான் கூட்டக் கூட்ட சனிக்கிழமை பாய்ச்சலும் கூடியிருக்கிறது. ஞாயிறு என்று எழுதிய பாட்டில் காலியாக இருந்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டவன் நான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காதவனும் நான்.

ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஞாயிறு பாட்டிலை எடுத்துவிட்டு அதன் பங்கை மற்ற ஆறு நாளுக்கும் பிரித்து வைத்தால் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும், பச்சை பிழைத்துக்கொள்ளும், டீச்சருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முப்பது வருடம் வகுப்பில் நின்றவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன தாணு? தட்டைப் பாத்துட்டே இருக்கியளே. கணக்குல தப்பா?"

சொன்னேன். எட்டு, பதினொன்று, பம்ப்பில் படிந்த கல், எல்லாவற்றையும். என் தப்பிலிருந்துதான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்க தப்பு இருக்கட்டும். ஊதா போனது நான் ஊத்தினதுலயா?"

"நான் பங்கைக் கூட்டாம இருந்திருந்தா..."

"கேட்டதுக்குப் பதில்."

"ஆமா டீச்சர்."

கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார். 

"அதுக்குன்னு மிசின் இருக்கு, தானா ஊத்தும்" என்றேன்.

"அதுக்குக் கரண்டு போடுதது யாரு? நான்தானே. அது ஊத்தினாலும் நான் ஊத்தினதுதான்."

"ஞாயிற்றுக்கிழமை பங்கை மத்த நாளுல பிரிச்சும் போடலாம். இன்னைக்கு நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சாருக்கிட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம், லைட்டுன்னு நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

கூடத்திலிருந்து எட்வின் சாரின் சத்தம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிக் கிடத்த வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். டீச்சர் எழுந்து போனார். நானும் கை கழுவிவிட்டு உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்து, அவரைத் தொட்டியைப் பார்க்கிற பக்கமாகப் புரட்டினார். முதுகுக்குத் தலையணை கொடுத்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தார். அவருடைய இடது கை எழும்பி, ஊதா நின்ற இடத்துக்கு நேராக நீண்டது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெட்டிய இங்க தாருங்க."

"நான் அளக்கேன் டீச்சர்."

"நீங்க இருங்க. இந்த வீட்டுல இன்னைக்கு வேற யாரும் செய்யாண்டாம். கோடுதான் எனக்குத் தெரியாது, நீலமும் மஞ்சளும் தெரியும்."

குப்பியைத் தொட்டித் தண்ணீரில் மூன்று தடவை கழுவினார், நான் செய்வதைப் பார்த்திருப்பார்போல. கோடுவரை நிரப்பியதை மட்டும் என்னிடம் காட்டிச் சரிபார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய், சார் பார்க்கும்படி நின்றுகொண்டு, முதல் சொட்டை விட்டார்.

"ஒண்ணு" என்றார், சத்தமாக. ஆட்டினார். "ரெண்டு."

ஏழில் நீலம். எட்டில் நீலம்தான். சாரின் கை மெதுவாக மெத்தையில் இறங்கியது, கண் மட்டும் குப்பியை விட்டு அகலவில்லை. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தே, "ஒம்பது" என்றார். ஆட்டினார். நீலம்.

பத்தாம் சொட்டுக்காகச் சோதனை மருந்தை மறுபடியும் குப்பிக்கு மேல் கவிழ்த்தார்.